இலக்கம் அறுபத்து மூன்று

வெள்ளவத்தை ஹம்டன் லேனில் மூன்றாம் மாடியில் வசிக்கும் சரோஜினிதேவி நாகேந்திரம், அரசாங்கத் திணைக்களமொன்றின் பதிவறையில் முப்பத்து மூன்று ஆண்டுகள் கடமையாற்றி, ஒரு கடதாசிக் கோவையைக்கூடத் தொலைக்காமல் ஓய்வுபெற்றவர். தொலைந்த பொருள் என்று உலகத்தில் ஒன்றுமில்லை, தேடத் தெரியாத மனிதர்கள்தான் இருக்கிறார்கள் என்பது அவரது உறுதியான கொள்கை. ஓய்வுபெற்ற நாளில் நாற்காலி, மேசை, சாவிக்கொத்து எல்லாவற்றையும் ஒப்படைத்துக் கையொப்பமிட்டவர், இந்தக் கொள்கையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

வீட்டிலோ தேடுவதற்கு அதிகம் இருக்கவில்லை. இரண்டு அறைகளும் ஒரு கூடமும் கொண்ட அந்தத் தொடர்மாடி வீட்டில், கணவர் நாகேந்திரத்தின் மூக்குக் கண்ணாடியையும் குடையையும் கண்டுபிடித்துக் கொடுத்து முடிக்க நான்கு நாட்கள் போதுமாயிருந்தன. ஐந்தாம் நாள் நாகேந்திரம், தாம் வைத்த பொருட்களைத் தாமே தேடி எடுத்துக்கொள்ளும் உரிமையாவது தமக்கு உண்டா என்று கேட்டுவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான், கீழ்மாடியில் இருக்கும் ஷபீகா, கைத்தொலைபேசியில் சில வித்தைகளைக் காட்டிக் கொடுத்தாள். ஷபீகா ஒரு கணினி நிறுவனத்தில் வேலை செய்பவள். எதையும் இரண்டு வசனத்துக்கு மேல் விளக்க மாட்டாள். தேடும் சொற்களை மேற்கோள் குறிகளுக்குள் இட்டால் அந்தச் சொற்களே அப்படியே கிடைக்கும். வேண்டாத சொல்லுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறியை இட்டால் அது விலகிப் போகும். குறித்த ஒரு தளத்துக்குள் மட்டும் தேடலாம். குறித்த ஓர் ஆண்டுக்குள் மட்டும் தேடலாம். சரோஜினிதேவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் போட்டுக்கொண்டார்.

"இதுக்கெல்லாம் எவ்வளவு கட்டவேணும் பிள்ளை?"

"ஒண்டும் இல்ல ஆன்ட்டி. ஃப்ரீ."

"அப்ப ஏன் ஒருத்தரும் இதைப் பாவிக்கினமில்லை?"

"ஆக்களுக்கு டைம் இல்ல ஆன்ட்டி."

சரோஜினிதேவியிடம் நேரம் இருந்தது. மூன்று மாதங்களுக்குள் அவர் வீட்டிலிருந்த ஒவ்வொரு கடதாசியையும் படம் பிடித்து, திகதியும் தலைப்பும் இட்டு, கோப்புறைகளில் வைத்துவிட்டார். குளிர்சாதனப் பெட்டி திருத்த வந்தவர் அந்த மாதிரிக்கு இப்போது கைந்நூலே கிடையாது என்று சொன்னபோது, தேநீர் கொதிப்பதற்குள் அந்தக் கைந்நூலைத் தேடியெடுத்து, நாற்பத்தோராம் பக்கத்தை அவருக்கு வாசித்துக் காட்டினார். வந்தவர் தேநீர் குடிக்காமலே போனார். நாகேந்திரத்தின் குருதி அழுத்தக் குளிசைகள் நாட்காட்டியில் ஏற்றப்பட்டன. அதன் விளைவாக, கோயிலில் தீபாராதனை நடந்துகொண்டிருக்கையில், நாகேந்திரத்தின் சட்டைப்பையிலிருந்து ஒரு பெண்குரல், "நாகேந்திரம், குளிசை" என்று இருமுறை அறிவித்தது. அருகில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாகேந்திரம் கண்ணை மூடிக்கொண்டு பக்தியில் ஆழ்ந்திருப்பவர்போல நின்றார்.

இந்த நிலையில் மகள் சுபோதினிக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. அழைப்பிதழ்களும் அச்சாகி வந்து, நான்கு மூலைகளிலும் மஞ்சள் பூசப்பட்டு, கூடத்து மேசையில் அடுக்கப்பட்டன.

இவர்களுடைய குடும்பங்களில் அழைப்பிதழைத் தபாலில் அனுப்பினால் அது வெறும் அறிவித்தல். தொலைபேசியில் சொன்னால் அது குறை. வட்ஸ்அப்பில் அனுப்பினால் அது பகை. கணவனும் மனைவியும் சேர்ந்து வீடு தேடிப் போக வேண்டும். இருந்து, நாலு வார்த்தை கதைத்து, தேநீர் வேண்டாம் என்று மூன்று முறை சொல்லிவிட்டு, அதைக் குடிக்கவும் வேண்டும். பிறகு இருவருமாக எழுந்து நின்று, இரண்டு கைகளாலும் அழைப்பிதழைக் கொடுக்க வேண்டும். இதில் ஒரு வரிசையும் உண்டு. முதலாவது அழைப்பிதழ் பிள்ளையாருக்கு. இரண்டாவது பெண்ணின் தாய்மாமனுக்கு. மற்றவர்களுக்கு அதற்குப் பிறகுதான். யாருக்கு முதலில் சொன்னீர்கள் என்று எவரும் நேரே கேட்பதில்லை; ஆனால் எல்லோருக்கும் எப்படியோ தெரிந்துவிடும்.

சுபோதினிக்கு இருப்பது ஒரே ஒரு தாய்மாமன். சரோஜினிதேவியின் தமையன் பரராஜசிங்கம், ஓய்வுபெற்ற நில அளவையாளர். முப்பத்தேழாம் லேனில், நடந்துபோனால் ஏழு நிமிட தூரத்தில் இருப்பவர். திருமணத்துக்கு முன்னே, பாலில் தோய்த்த அறுகம்புல்லைப் பெண்ணின் தலையில் வைக்கும் பாலறுகுச் சடங்கில், பெண்ணைப் பலகையில் இருத்தித் தேங்காய் உடைக்க வேண்டியவர் அவர். அவருக்குப் பதிலாக இன்னொருவர் உடைக்கலாமா என்று கேட்டால், உடைக்கலாம். ஆனால் பெண்ணுக்கு மாமன் இல்லையோ என்று சபையில் ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார்கள்.

பரராஜசிங்கத்தின் சுபாவமும் குடும்பத்துக்கு நன்கு தெரிந்ததே. பதினொரு ஆண்டுகளுக்கு முன் ஒன்றுவிட்ட சகோதரர் ஒருவர், தமது புதுவீடு குடிபுகும் விழாவைத் தொலைபேசியில் சொல்லிவிட்டார் என்பதற்காக, பரராஜசிங்கம் அன்று காலை வேட்டி சால்வை உடுத்து, விபூதி பூசி, தமது வீட்டு வாசற் படலையில் மதியம்வரை நின்றார். விழாவுக்குப் போகிறவர்கள் அனைவரும் அந்தத் தெருவால்தான் போக வேண்டும். தாம் போகவில்லை என்பதை ஒவ்வொருவரும் கண்ணால் காண வேண்டும் என்பது அவரது ஏற்பாடு.

இவ்வளவும் தெரிந்த சரோஜினிதேவி எப்படிப் பிழை விட்டார் என்பதுதான் ஆச்சரியம். அவர் பிழை விட்டது திறமையால்.

அழைக்க வேண்டிய வீடுகள் அறுபத்து மூன்று. அவற்றையெல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் விரிதாள் ஒன்றில் பதிந்தார்: இலக்கம், பெயர், விலாசம், சொல்ல வேண்டிய திகதி, நேரம், சொல்லியாயிற்றா. சொல்லி முடித்த வீட்டின் கட்டம் தானாகவே பச்சை நிறமாகும்படி ஒரு விதியும் எழுதினார். பிறகு விலாசங்களை வரைபடத்தில் ஏற்றினார். அது ஒரு தடவைக்குப் பத்து இடங்களுக்கு மேல் ஏற்காது என்பதால் ஏழு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் மாற்றி மாற்றி அடுக்கி, மிகக் குறுகிய சுற்றுப்பாதை வரும்வரை இரண்டு நாட்கள் உட்கார்ந்திருந்தார். நூற்றுப் பன்னிரண்டு கிலோமீற்றராக இருந்த பயணம் நாற்பத்தொன்றாகச் சுருங்கியது. பாதை இதுதான்: விடியற்காலையில் வெறிச்சோடிய தெருக்களால் ஒரே ஓட்டமாகக் கொட்டாஞ்சேனை, அங்கிருந்து புறக்கோட்டை, மருதானை, பொரளை என்று இறங்கி, மறுநாள் பம்பலப்பிட்டி போய், தெகிவளையால் சுற்றி வெள்ளவத்தை வந்து, வீட்டுக்கு மிகக் கிட்டிய இடத்தில் முடிப்பது.

வீட்டுக்கு மிகக் கிட்டிய இடம் முப்பத்தேழாம் லேன். அந்தக் கணக்கில் பரராஜசிங்கம் அறுபத்து மூன்றாவதாக வந்தார். வரைபடம் விலாசத்தைத்தான் கேட்டது. இன்ன உறவுமுறை என்று எழுதுவதற்கு அதில் கட்டமில்லை.

நாகேந்திரம் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"கொண்ணர் கடைசியிலை நிக்கிறார் போல."

"கிட்ட இருக்கிறவருக்கு எந்த நேரமும் சொல்லலாம். இது சுத்துப்பாதை. இடையிலை ஒண்டை இழுத்தால் எல்லாம் குழம்பிப்போம்."

நாகேந்திரம் முப்பத்தொரு ஆண்டுகள் இல்லறம் நடத்தியவர். கீழே போய்ச் சிற்றுந்தின் காற்றுப் பார்த்தார்.

சனிக்கிழமை காலை, வீட்டுப் பிள்ளையாரின் முன் முதலாவது அழைப்பிதழை வைத்துவிட்டு இருவரும் புறப்பட்டார்கள். முதல் வீடு, கொட்டாஞ்சேனையில் தேவாலயத்துக்குப் பின்புறம் இருக்கும் கொன்ஸ்ரன்ஸ் வீடு. கொன்ஸ்ரன்ஸ், பதிவறையில் இருபது ஆண்டுகள் சரோஜினிதேவிக்கு எதிர்மேசையில் இருந்தவர். கதவைத் திறந்தவர் கையில் சீப்போடு நின்றார்.

"என்ன சரோ, விடிஞ்சும் விடியாததுமா? நான் இன்னும் தலைகூட இழுக்கேல்ல."

"முதல் வீடே உங்கட வீடுதான் கொன்ஸ்ரன்ஸ்" என்று, உள்ளே போய் அமர்ந்ததும் சரோஜினிதேவி சொன்னார்.

"முதல் வீடா?" கொன்ஸ்ரன்ஸ் கேக் வெட்டிக்கொண்டிருந்த கத்தியை நிறுத்தினார். "அப்ப உங்கட அண்ணாவுக்கு?"

"அவருக்கு நாளைக்குப் பின்னேரம். ஆறு நாற்பதுக்கு."

"எங்கட வேதக்கார ஆக்கள்லகூட மாமாவ விட்டுட்டு வேற ஆளுக்குச் சொன்னா, கேக் வெட்டுற நேரத்தில பிரச்சினை வரும். நீங்க என்ன சரோ இப்படி?"

"அது மப்பின்ரை வரிசை" என்று சரோஜினிதேவி தொலைபேசியில் வரைபடத்தைக் காட்டினார்.

"மப்பா தேங்காய் உடைக்கப்போகுது?"

சரோஜினிதேவி பதில் சொல்வதற்குள் கைத்தொலைபேசி ஒலித்தது. ஒரு வீட்டுக்குப் பன்னிரண்டு நிமிடம் என்று அவர் வகுத்திருந்தார்: செருப்புக் கழற்ற ஒரு நிமிடம், மாப்பிள்ளை என்ன வேலை என்பதற்கு நான்கு, தேநீர் மறுப்பதற்கு இரண்டு, குடிப்பதற்கு மூன்று, மிகுதி விடைபெறுவதற்கு. கேக் துண்டைக் கையில் ஏந்தியபடியே நாகேந்திரம் எழுந்தார்.

அன்று மாலை இருவரும் வீடு திரும்பியபோது இருபத்தொரு கட்டங்கள் பச்சையாகியிருந்தன. நாகேந்திரம் பதினெட்டுத் தேநீரும் மூன்று சோடாவும் குடித்துவிட்டு, கதிரையில் அசையாமல் இருந்தார். சரோஜினிதேவியின் உள்ளம் நிறைந்திருந்தது. அந்த நிறைவில், மறுநாள் போக வேண்டிய வீடுகளின் விலாசங்களைச் சரிபார்ப்பதற்குத் தகுதியான மனிதர் ஒருவரை நினைத்தார். கொழும்புத் தெற்கின் ஒவ்வொரு லேனையும் அளந்தவர் அவர்தானே. விரிதாளின் இணைப்பை அனுப்பி, "அண்ணா, நாளைக்குப் போற வீடுகளின்ரை விலாசம் சரியோ எண்டு ஒருக்காப் பாருங்கோ" என்று எழுதினார்.

நில அளவையாளர் எந்தப் படத்தையும் நடுவிலிருந்து பார்ப்பதில்லை. பரராஜசிங்கம், ரொறன்ரோவிலிருந்து மகன் அனுப்பிய பெரிய திரையில், முதலாவது கட்டத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினார். முதலாவது கட்டத்தில் கொன்ஸ்ரன்ஸ் பச்சையாக இருந்தார்.

ஞாயிறு காலை ஆறு மணிக்குத் தொலைபேசி அடித்தது. பரராஜசிங்கத்தின் மனைவி ரஜனி.

"மச்சாள், இவர் உம்மட ஷீட்டைப் பாத்திட்டார்."

"விலாசம் ஏதும் பிழையோ மச்சாள்?"

"விலாசம் எல்லாம் சரியாம்." ரஜனி குரலைத் தாழ்த்தினார். ஆனால் பின்னால் இன்னொரு குரல் தாழவில்லை.

"அறுபத்து மூண்டு நாயன்மாரிலை கடைசி ஆள் நானாம் எண்டு சொல்லு. முதல் காட் பிள்ளையாருக்கு வைச்சவவாம். அவருக்கு மட்டும் ஏன் மப் பாக்கேல்லை எண்டு கேள்."

சரோஜினிதேவிக்கு அப்போதுதான் உறைத்தது. "மச்சாள், நாங்கள் இப்பவே வாறம்."

"பாலறுகுக்குத் தேங்காய் உடைக்க அந்தக் கொன்ஸ்ரன்ஸைக் கூப்பிடச் சொல்லு" என்றது பின்குரல். இணைப்புத் துண்டிக்கப்பட்டது.

அரைமணி நேரத்துக்குள் இருவரும் தட்டம், வெற்றிலை, அழைப்பிதழ் சகிதம் முப்பத்தேழாம் லேனில் நின்றார்கள். படலை பூட்டியிருந்தது. மேல்மாடி முகப்பில் பரராஜசிங்கம் பத்திரிகையை விரித்துப் பிடித்திருந்தார்.

"அண்ணா, நான் செய்தது பிழைதான். படலையைத் திறவுங்கோ."

பத்திரிகை அசையவில்லை. அதன் பின்னாலிருந்து குரல் வந்தது. "எனக்குப் பின்னேரம் ஆறு நாற்பதுக்கல்லோ நேரம் தந்திருக்கு. இப்ப நான் வீட்டிலை இல்லை."

"மச்சான், நான் நாகேந்திரம்."

"உம்மிலை எனக்குக் கோபமில்லை. நீர் கார்தானே ஓட்டினீர்."

மாலை ஆறு நாற்பதுக்கு மீண்டும் போனார்கள். அப்போது அவர் உண்மையாகவே வீட்டில் இல்லை. கடற்கரையோர மரைன் டிரைவில் நடந்துகொண்டிருந்தார். ரஜனி படலையைத் திறந்தார். ஆனால் தட்டத்தைக் கையால் தொடவில்லை. "நான் வாங்கினால் மச்சாள், அவர் என்னை அறுபத்து நாலாவதாப் போடுவார்."

அத்தோடு எல்லாப் பயணமும் நின்றது. அண்ணா வீட்டைத் தவிர மிகுதி நாற்பத்தொரு வீடுகளும் சொந்தக்காரர் வீடுகள். எந்த வீட்டுப் படியில் ஏறினாலும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, அண்ணாவுக்குச் சொல்லியாயிற்றா என்ற கேள்வி வரும். இல்லை என்றால் சிரிப்பார்கள்; ஆம் என்றால் அது பொய். திருமணத்துக்கு இன்னும் பத்தொன்பது நாட்களே இருந்தன, பாலறுகுக்குப் பதினெட்டு.

சரோஜினிதேவி தமக்குத் தெரிந்ததையே செய்தார். கோபம் கொண்ட தாய்மாமனைச் சமாதானம் செய்யும் வழி என்று தேடினார். சினிமாப் பாட்டுகள் வந்தன. கழித்தல் குறியிட்டுப் பாட்டை அகற்றினார். சோதிடர்கள் வந்தார்கள். சோதிடத்தை அகற்றினார். தாய்மாமன் மருமகளுக்குச் செய்யும் சீர்வரிசைத் தட்டங்கள் விற்பனைக்கு வந்தன. அவற்றையும் அகற்றினார். முடிவில், தங்கள் தேடலுக்கு ஒன்றும் பொருந்தவில்லை என்ற செய்தி தனியே நின்றது. பதிவறையில் இருந்த காலத்தில், இப்படி ஒரு பதிலைத் தந்த எழுதுவினைஞரை அவர் நிற்கவைத்துக் கேள்வி கேட்டிருப்பார்.

ஷபீகாவிடம் போனார். அவள் நிலைமையைக் கேட்டுவிட்டு, "வரிசைய மாத்தி அவர ஒண்டாவது போடுங்க ஆன்ட்டி" என்றாள்.

போட்டார். பத்து நிமிடத்தில், அந்தக் கட்டத்தின் மூலையில் ஒரு சிறிய மஞ்சள் முக்கோணம் தோன்றியது. யாரோ குறிப்பு எழுதியிருக்கிறார்கள் என்பதற்கு அது அடையாளம். தொட்டுத் திறந்தார்.

"இத்தாளில் மாற்ற வரலாறு என்றொரு பகுதி உண்டு. இன்று இரவு 8.10 வரை நான் 63. ப."

சரோஜினிதேவியின் முகம் சிவந்தது. பதிவேட்டில் கள்ள வரிசை எழுதி அகப்படுவது அவருக்கு வாழ்க்கையில் இதுவே முதல் தடவை. தமையனைப் பழையபடி அறுபத்து மூன்றிலேயே வைத்துவிட்டார். அது நியாயமாயிருந்தது, ஆனால் நிலைமையைச் சீராக்கவில்லை.

மறுநாள் காலை இன்னொரு மஞ்சள் முக்கோணம். "இல. 31: கந்தையா மாஸ்ரர் காலமாகி இரண்டு வருடம். காட் கொண்டுபோவதாயின் பொரளைக் கனத்தை மயானத்துக்கு. ப."

சரோஜினிதேவி கந்தையா மாஸ்ரரின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். பதிவேட்டில் எதையும் அழிக்கக் கூடாது, கோடுதான் இழுக்கலாம் என்பது திணைக்கள மரபு. பிறகு கீழே பதில் எழுதினார். "கவனிக்கப்பட்டது. ச."

மதியம்: "இல. 40: வீட்டை விற்றுவிட்டு மகளோடு கனடா. ப."

"கவனிக்கப்பட்டது. ச."

மாலை: "இல. 45உம் இல. 46உம் ஒன்பது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஒரே தொடர்மாடி. ஒருவர் வீட்டிலிருந்து இறங்கி மற்றவர் வீட்டுக்கு ஏறுவதை இருவரும் பார்ப்பர். வேறு வேறு நாளில் போகவும். ப."

"ஆலோசனைக்கு நன்றி. இல. 63 பற்றிய தங்கள் முடிவைத் தயவுசெய்து அறியத்தரவும். ச."

மறுநாள் விடியற்காலை பதில் வந்தது. "இல. 63 பரிசீலனையில் உள்ளது. ப."

இவ்வாறு மூன்று நாட்கள் கடந்தன. சந்தையில் கண்டவர்களிடமெல்லாம் பரராஜசிங்கம், தாம் இந்தக் கலியாணத்துக்குப் போவதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் வீட்டுக்குத் திரும்பியதும் விரிதாளைத் திறந்து, இல. 27 நாலு மணி முதல் ஐந்து மணி வரை நித்திரை கொள்பவர் என்றும், இல. 52இன் படலையில் நாய் உண்டு, நாகேந்திரம் முதலில் இறங்கவும் என்றும் எழுதினார். சரோஜினிதேவி ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினார். நாகேந்திரம் அந்தக் கடிதப் போக்குவரத்தை வாசித்துவிட்டு மகளிடம் சொன்னார்.

"கோபத்துக்கும் பைல் திறக்கிற குடும்பத்திலை பெண் எடுத்தனான் பிள்ளை."

"அப்பா, மாமா வருவாரோ மாட்டாரோ?" என்று கேட்டாள் சுபோதினி. அவளுடைய குரலில் பகிடி இருக்கவில்லை. "அவர் இல்லாமல் அந்தப் பலகையிலை என்னை இருத்தவேண்டாம் எண்டு அம்மாட்டைச் சொல்லுங்கோ."

அம்மாவுக்கு அது அடுக்களையிலேயே கேட்டது.

வியாழக்கிழமை காலை சரோஜினிதேவி விரிதாளைத் திறந்தபோது, அடியில் அறுபத்திரண்டாம் வரியோடு பட்டியல் முடிந்திருந்தது. மேலே போய் மீண்டும் கீழே வந்து பார்த்தார். கோடு இழுத்த கந்தையா மாஸ்ரர் இருந்தார்; கனடாக்காரர் இருந்தார். அறுபத்து மூன்றாம் இலக்கம் இருக்கவில்லை. கோடும் இல்லை, வரியே இல்லை.

படியிறங்கி ஓடினார். அலுவலகம் புறப்பட்டு நின்ற ஷபீகா மாற்ற வரலாற்றைத் திறந்து பார்த்தாள். "இண்டைக்குக் காலையில அஞ்சு அம்பத்திரண்டுக்கு அவரே டிலீட் பண்ணிருக்கார் ஆன்ட்டி. பிரச்சினை இல்ல. ஒரு க்ளிக்ல திரும்ப எடுக்கேலும்."

சரோஜினிதேவியின் விரல் அந்த இடத்துக்கு மேலே நின்றது. பிறகு அவர் தொலைபேசியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

"வேண்டாம் பிள்ளை. தன்ரை பேரைத் தானே வெட்டின மனிசனை நான் எப்பிடித் திரும்ப ஒட்டுறது?"

தட்டம் எடுக்கவில்லை; அழைப்பிதழ் எடுக்கவில்லை; நாகேந்திரத்தையும் கூப்பிடவில்லை. வீட்டில் உடுத்திருந்த சேலையோடு, பாதையைப் பார்க்காமல், பிரதான வீதியான காலி வீதியில் வந்த பஸ்ஸொன்று ஒலியெழுப்ப, அவர் முப்பத்தேழாம் லேனுக்கு நடந்தார். பரராஜசிங்கம் படலையடியில் செம்பருத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன் அண்ணா உங்கட பேரை வெட்டினனீங்கள்?"

பரராஜசிங்கம் குழாயை மூடினார். "அந்தத் தாளின்ரை தலைப்பு என்ன?"

"அழைக்கப்படுவோர்."

"அதிலை நிக்கிற ஆளோ நான்?"

பரராஜசிங்கம் தண்ணீர்க் குழாயைச் சுருட்டி வைத்தார்.

"ஒண்டாவதாப் போட்டாலும், அறுபத்து மூண்டாவதாப் போட்டாலும், அதிலை நிக்கிறவன் விருந்தாளி. நான் நாலு நாளா அதைத்தான் யோசிச்சனான். இந்தப் பெட்டை பிறந்து ஆசுப்பத்திரியிலை இருந்து வரேக்கை தூக்கிக்கொண்டு வந்தவன் நான். எனக்கு ஆறு நாற்பதுக்குப் பன்னிரண்டு நிமிஷமோ?"

"பிழை அண்ணா. எனக்குத் தூரம் குறைஞ்ச சந்தோசத்திலை ஒண்டும் தெரியேல்லை."

"கீழை பாத்தனியோ?"

"எங்கை கீழை?"

"தாளுக்குக் கீழை. இன்னொரு தாள் திறந்திருக்கிறன்." பரராஜசிங்கம் தங்கையை ஏற இறங்கப் பார்த்தார். "முப்பத்து மூண்டு வருஷம் பதிவறை. ரெண்டாம் தாள் இருக்கோ எண்டு பாக்கத் தெரியேல்லை."

சரோஜினிதேவி தொலைபேசியை எடுத்தார். திரையின் அடியில், அவர் உருவாக்காத ஒரு சிறிய தாவல் இருந்தது. தொட்டார். "அழைப்போர்" என்ற தலைப்பின் கீழ் நான்கு பெயர்கள்: நாகேந்திரம், சரோஜினிதேவி, பரராஜசிங்கம், ரஜனி. அதற்குக் கீழே, மிகுதி வீடுகள் முறைப்படி, வயதுப்படி, உறவுப்படி அடுக்கப்பட்டிருந்தன. அதற்கும் கீழே ஒரு குறிப்பு. "பாலறுகுத் தேங்காய் என் பொறுப்பு. கடையில் வாங்க வேண்டாம். நாகேந்திரத்துக்குத் தேங்காய் பார்த்து வாங்கத் தெரியாது. ப."

அவர் அதை இரண்டு தடவை வாசித்தார். பிறகு சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தார். அது துடைக்கத் துடைக்க மங்கிக்கொண்டே போயிற்று.

"அழாதை. தெருவாலை போற சனம் நான் அடிச்சனான் எண்டு நினைக்கும்" என்றார் பரராஜசிங்கம். "ஆனா காட் எனக்கு வேணும். அது வேறை. ரெண்டு பேருமா வந்து தரவேணும். நாகேந்திரத்தைக் கூப்பிடு. சாரத்தோடை வரவேண்டாம் எண்டு சொல்லு."

நாகேந்திரம் வேட்டியைக் கட்டிக்கொண்டு தட்டத்தோடு வந்து சேர இருபது நிமிடம் பிடித்தது. அதுவரை அண்ணனும் தங்கையும் படலையடியிலேயே நின்று, இல. 45ஐ முதலில் அழைப்பதா, இல. 46ஐ முதலில் அழைப்பதா என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். ரஜனி மூன்று தடவை வந்து உள்ளே வரச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். நால்வரும் கூடத்தில் அமர்ந்த பின், அழைப்பிதழைப் பரராஜசிங்கம் எழுந்து நின்று இரண்டு கைகளாலும் வாங்கினார். கண்ணாடி போட்டு, முதலிலிருந்து முடிவுவரை வாசித்தார். பிறகு அதைக் கொண்டுபோய்ச் சாமிப்படத்தின் அருகில் வைத்தார்.

சனிக்கிழமை நால்வரும் அந்தச் சிற்றுந்தில் நெருங்கி உட்கார்ந்து புறப்பட்டார்கள். பாதை பரராஜசிங்கத்துடையது. முதலில் வெள்ளவத்தையில் பெரியப்பா முறையானவர், அடுத்து தெகிவளையில் சித்தப்பா முறை, திரும்ப வெள்ளவத்தையில், பெரியப்பா வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி ஒரு மாமி, அங்கிருந்து பம்பலப்பிட்டியில் மாமியின் தமக்கை, மறுபடியும் தெகிவளை. பதினெட்டுக் கிலோமீற்றர் என்று வரைபடம் சொன்ன பயணம் ஐம்பத்தாறானது. ஒரே லேனுக்குள் நான்காவது தடவை திரும்பியபோது, மூலைக் கடைக்காரர் வெளியே வந்து, ஏதாவது வீடு தேடுகிறீர்களா என்று சிங்களத்தில் விசாரித்தார். நாகேந்திரம் யன்னற் கண்ணாடியை இறக்கி, தேடவில்லை, முறைப்படி போகிறோம் என்று தமக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்க முயன்று, பாதியில் கைவிட்டார்.

சரோஜினிதேவி பின்னிருக்கையில் தொலைபேசியை மடியில் கவிழ்த்து வைத்திருந்தார். எத்தனை கிலோமீற்றர் வீணாகிறது என்று கணக்கிட அவரது விரல் இரண்டு தடவை எழுந்தது. இரண்டு தடவையும் முன்னிருக்கையில் இருந்த தமையனின் நரைத்த பிடரியைப் பார்த்துவிட்டு, விரலை மடக்கிக்கொண்டார்.

பம்பலப்பிட்டி வீட்டில் கதவைத் திறந்த மூதாட்டி, சரோஜினிதேவியைக் கண்டதும் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"இரு பிள்ளை. முதல்லை சொல்லு. கொண்ணனுக்குச் சொல்லியாச்சோ? அவன் வரமாட்டனெண்டு சொல்லித் திரியிறானாம்."

சரோஜினிதேவி வாய் திறக்கும் முன், படியேறி மூச்சு வாங்கியபடி பரராஜசிங்கம் பின்னால் வந்து நின்றார்.

"எனக்கு ஏன் மாமி சொல்லுறது? கலியாணம் எங்கட வீட்டிலை. உங்களுக்குச் சொல்லத்தான் நான் வந்தனான். கட்டாயம் வரவேணும்."

மூதாட்டி அவரையும் சரோஜினிதேவியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வழிவிட்டார். பரராஜசிங்கம் முதலில் உள்ளே போய், மூவர் இருக்கக்கூடிய நாற்காலியின் நடுவில் அமர்ந்து, தேநீர் வேண்டாம் என்று முதலாவது தடவை சொன்னார்.